தோட்டத்தில் ஹோம்கமிங்: தப்பு மேளமும் பேண்டும் சேர்த்துப் பேசுவது எப்படி? ராத்திரிக்கு டின் மீன் போடலாமா?

பொகவந்தலாவைத் தங்கை:

எல்லோருக்கும் வணக்கம். ஆவணியில் எங்கள் அண்ணனுக்குக் கல்யாணம். தாலி கட்டுவது பெண் வீட்டுப் பக்கம், பண்டாரவளையில். இரண்டு நாள் கழித்து ஹோம்கமிங், அதாவது மாப்பிள்ளை வீட்டு வரவேற்பு, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பொகவந்தலாவைக்கு மேலே. அப்பா இல்லை. நான் வெள்ளவத்தையில் வேலை பார்க்கிறேன், லீவு போட்டு வந்துதான் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்ய வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்களிடம் இப்போதே கேட்கிறேன்.

அண்ணனுக்கு டிஜே வேண்டாமாம். ஆட்கள் வந்து வாசித்துப் பாட வேண்டும் என்கிறான். எங்கள் அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டே பழைய பாட்டுகளை அடி பிசகாமல் பாடுவார், மலையில் அவரோடு நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டுகளை அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும், முடிந்தால் அவரே மைக்கைப் பிடித்து ஒன்று பாட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. மாமாவுக்கு இன்னொரு ஆசை. மெயின் ரோட்டில் வேனை விட்டு இறங்கினால் எங்கள் லயத்து வரிசை வீடுகள்வரை ஏற்றம்தான். அந்த ஏற்றம் முழுவதும் தப்படித்து மாப்பிள்ளை பெண்ணை அழைத்துவர வேண்டும் என்கிறார். எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் எப்படிச் சமாளிப்பது, யாரிடம் என்ன பேசிக்கொள்வது என்று தெரியவில்லை.

இடம் தோட்டத்து மண்டபம். தகரக் கூரை, முன்னால் சின்ன மைதானம். வருகிறவர்கள் 120 பேர் அளவில் இருக்கும். பகலுக்குச் சோறும் கோழிக்கறியும் என்று முடிவாகிவிட்டது. ராத்திரி தங்குகிறவர்களுக்கும் பாட்டுக்காரர்களுக்கும் என்ன போடுவது என்பதில்தான் வீட்டில் சண்டை. அம்மா ரொட்டியும் டின் மீன் கறியும் போதும், எல்லோரும் ஆசையாகச் சாப்பிடுவார்கள் என்கிறார். பெரியப்பாவோ, “கல்யாண வீட்டில் டின் மீனா? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?” என்று குதிக்கிறார். உண்மையைச் சொன்னால் நான் அம்மா பக்கம். ஆனாலும் நாலு பேரிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

நோர்வூட் தம்பி:

அக்கா, என் யோசனை டிஜேதான். ஒரு ஆள், ஒரு லெப்டொப், இரண்டு ஸ்பீக்கர், வேலை முடிந்தது. பழைய பாட்டு வேண்டும் என்றால் பழைய பாட்டு, ஆடுவதற்குப் பைலாப் பாட்டு வேண்டும் என்றால் பைலா. பேண்டுக்காரர்களுக்கு வேன் வாடகை, சாப்பாடு, நடுவில் ஓய்வு என்று எல்லாம் சேர்ந்தால் செலவு எங்கேயோ போய்விடும். அம்மா பாட வேண்டும் என்றால் கரோக்கே போட்டுவிடலாமே.

கொட்டகலை கீபோர்ட்:

தம்பி சொல்வது செலவுக் கணக்கில் சரி. இளசுகள் ஆடுவதற்கு மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே அம்மா பாட வேண்டும். அந்த இடத்தில் கரோக்கே உதவாது.

காரணம் சொல்கிறேன், தங்கச்சி. நான் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் பேண்டில் கீபோர்ட் வாசிக்கிறவன். அந்தக் காலத்துப் பெண் குரல் பாட்டுகள் அநேகமாக உச்சத்தில் நிற்கும். வயதான குரலுக்கு அந்தச் சுருதி எட்டாது. மலையில் தன்பாட்டுக்குப் பாடும்போது அம்மா தனக்குத் தோதான இடத்தில் எடுத்துக்கொள்வார், அதனால் கஷ்டம் தெரியாது. கரோக்கே அவரைத் தன் சுருதிக்கு இழுக்கும். இரண்டாவது வரியிலேயே தொண்டை கட்டிக்கொள்ளும், பாவம், வெட்கப்பட்டு மைக்கைக் கொடுத்துவிடுவார். நாங்கள் வாசித்தால் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் இருக்கும் பாட்டை நாலரைக் கட்டைக்கு இறக்கிக்கொள்வோம். ஒரு வரியில் அவர் நின்று மூச்சு வாங்கினால் தபேலாக்காரர் அங்கேயே சுற்றிக்கொண்டு காத்திருப்பார். சரணத்தை மறந்து பல்லவிக்குத் திரும்பினாலும் நாங்களும் திரும்பிவிடுவோம், கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆள் வைத்து வாசிப்பதன் முழுப் பயனும் இதுதான்.

அதனால் முதல் வேலையாக, அம்மா சமையல் செய்யும்போதோ துணி மடிக்கும்போதோ பாடுவதை போனில் பதிவு செய்து பேண்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள். “பாடுங்கள், பதிவு செய்கிறேன்” என்று சொல்லாதீர்கள், குரல் மாறிவிடும். அந்தப் பதிவைக் கேட்டால் எங்களுக்குச் சுருதி பிடிபட்டுவிடும். மற்றப் பாட்டுகளின் பட்டியலை இரண்டு வாரத்துக்கு முன்னால் கொடுங்கள். மேடைக்கு வந்து துண்டுக் கடதாசி நீட்டினால் எந்தப் பேண்டும் அரைகுறையாகத்தான் வாசிக்கும்.

உங்கள் மண்டபத்துக்குப் பெரிய பேண்ட் வேண்டாம். கீபோர்ட், ஒக்டபேட் (குச்சியால் தட்டும் மின்தாளக் கருவி), தபேலா, பேஸ் கிட்டார், ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று. ஆறு பேர் தாராளம். முழு ட்ரம் செட் கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் மோதி மோதி வயதானவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அப்புறம் மழை. ஆவணியில் நம் பக்கம் தென்மேற்கு மழை இன்னும் விட்டிருக்காது. தகரத்தில் மழை கொட்டும்போது மெல்லிய பாட்டு எதுவும் எடுபடாது. அந்த நேரத்தில் பைலா, குத்துப் பாட்டு என்று போய்விட்டு, மழை விட்டதும் அம்மாவின் பாட்டை எடுக்கச் சொல்லுங்கள். நேரம் குறித்து வைக்காதீர்கள், மழையைப் பார்த்து முடிவு செய்ய பேண்ட் தலைவரிடமே விட்டுவிடுங்கள்.

கரண்ட் விஷயம் முக்கியம். சாயங்காலம் எல்லா லயத்திலும் கேத்தல் போடுவார்கள், வோல்டேஜ் இறங்கும். கீபோர்ட் நடுப்பாட்டில் அணைந்து எழும்பும். ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுங்கள், அதில் இசை சாமான் மட்டும் ஓடட்டும். அலங்கார விளக்கும் சமையல்கட்டும் தோட்டத்துக் கரண்டில் இருக்கட்டும். ஜெனரேட்டரை மண்டபத்துக்குப் பின்னால் தூரமாக, மழை படாமல் வைக்க வேண்டும். ரோட்டிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற நாலு இளந்தாரிகளை முதலிலேயே சொல்லி வையுங்கள். அந்த ஏற்றத்தில் பெட்டி தூக்கிய கையோடு உட்கார்ந்து வாசித்தால் விரல் நடுங்கும்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். தோட்டத்து நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் வேலை சுலபம். 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை சாதாரணமாக அனுமதி தரமாட்டார்கள். அதனால் பிற்பகல் 4 மணிக்கு ஆரம்பித்து 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடும் சூடாக இருக்கும்.

இனி தப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தப்பும் பேண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம். தப்பு வெளியில் வாசிக்க வேண்டிய வாத்தியம். ரோட்டிலிருந்து மண்டப வாசல்வரை முழுக்க அவர்களுடைய நேரம். வளைவுக்கு வளைவு மாப்பிள்ளை பெண்ணை நிறுத்தி, நின்று அடிக்க விடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். வாசலில் ஆரத்தி எடுக்கும்போது கடைசி அடியை அடித்து முடிப்பார்கள். அது அடங்கிய பிறகுதான் உள்ளே கீபோர்ட் தொடங்க வேண்டும். ஈரக் காற்றில் தோல் தொய்ந்து சத்தம் செத்துப்போகும், அதனால் அவர்கள் நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிக்கொண்டேதான் வாசிப்பார்கள். வேன் நிற்கும் இடத்தில் கூரையுள்ள ஒரு மூலையும், காய்ந்த விறகும், கொஞ்சம் பழைய பேப்பரும் வைத்துக் கொடுங்கள். ஆவணி மழையில் அந்த விறகை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? மாசியில் காமன் கூத்து, சித்திரையில் திருவிழாக்கள் என்றால் நல்ல தப்புக்காரர்களைப் பிடிப்பது கஷ்டம். ஆவணியில் கிடைப்பார்கள். பேண்டும் அப்படித்தான், ஏப்ரல் நுவரெலியா சீசனிலும் டிசம்பர் கடைசியிலும் மட்டும் கேட்க முடியாது.

நான் மனதாரச் சொல்லும் விஷயம் ஒன்று இருக்கிறது. பேண்டுக்குக் கவரில் காசு, தப்புக்குச் சாராயப் போத்தல் என்ற பழக்கத்தை உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். தப்புத் தலைவரிடமும் உட்கார்ந்து பேசி, தொகையை முடிவு செய்து, முன்பணம் கொடுங்கள். மிச்சத்தை அவர் புறப்படுவதற்கு முன்னால் இரண்டு கையாலும் கொடுங்கள். சாப்பாட்டில் ஒரே பந்தி. ஒரு கல்யாண வீட்டில் எங்களுக்கு மண்டபத்துக்குள் மேசை போட்டு ஃப்ரைட் ரைஸ் வைத்தார்கள். காலையிலிருந்து மழையில் நின்று அடித்த தப்புக்காரர்களைச் சமையல்கட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துப் பாணும் டின் மீனும் கொடுத்தார்கள். நாங்கள் ஆறு பேரும் எங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்னால் போய் அவர்களோடு உட்கார்ந்தோம். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு பேச வருகிறவர்களிடம் இதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: தப்பும் உண்டா, அவர்களுக்குச் சாப்பாடு எங்கே? நம் தாத்தா பாட்டிமாரை விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, எழுப்பியது அந்தத் தப்பு. கோவிலுக்கும் கூத்துக்கும் கடைசிப் பயணத்துக்கும் நம்மோடு வருவதும் அதுதான்.

ஆகவே, பெரியப்பாவிடம் சொல்லுங்கள். டின் மீனில் மானம் போவதற்கு ஒன்றும் இல்லை. சம்பந்திக்கும் பேண்டுக்கும் தப்புக்கும் ஒரே சட்டியிலிருந்து போனால் அது விருந்துதான். வாசித்துக் களைத்து வருகிறவனுக்குச் சூடான ரொட்டியும் உறைப்பான டின் மீன் கறியும் போல வேறொன்றும் இறங்காது. எங்களுக்கு இன்னொரு வேண்டுகோள், வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னாலும் கொஞ்சம் ரொட்டி, கட்டசம்பல், பிளேன்டி கொடுத்துவிடுங்கள். வெறும் வயிற்றில் பாடகர்களுக்குக் குரல் வராது.

ஊவா அக்கா:

தங்கச்சி, நான் பண்டாரவளைப் பக்கம்தான். உங்கள் சம்பந்திகள் என்ன நினைப்பார்கள் என்று கவலையே வேண்டாம். எங்கள் வீடுகளில் டின் மீன் இல்லாத அலுமாரி கிடையாது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் ஐஸ் போட்டு லொறியில் வரும் மீன் நம் சந்தைக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். டின்னில் இருப்பது மூடிய பிறகு அதற்குள்ளேயே வேகவைத்த மீன். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் முள்கூட மெத்தென்று ஆகிவிடுகிறது. அந்த முள்ளை எடுத்து எறியாதீர்கள். கல்சியம் இருப்பது அதில்தான்.

கூட்டத்துக்குச் சமைக்கும்போது பெரும்பாலானவர்கள் மீனை முதலிலேயே போட்டுக் கிளறிக் கூழாக்கிவிடுவார்கள். மீன் கடைசியாகத்தான் போக வேண்டும். நான் செய்வது இப்படி. டின்னைத் திறந்து தண்ணீரை வேறு பாத்திரத்தில் வடித்து வைத்துவிடுவேன். பெரிய துண்டுகளை இரண்டாகப் பிளந்து, உள்ளே கறுப்பாக ஏதாவது இருந்தால் சுரண்டிவிட்டு, தட்டில் பரப்பி வைப்பேன். தேங்காயெண்ணெயில் பெரிய வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை, ரம்பை எல்லாம் நன்றாக வதங்க வேண்டும். அப்புறம் தூள் வகை, தக்காளி, நாலைந்து துண்டு கோரக்காப் புளி. உருளைக்கிழங்கைத் தனியாக அவித்துச் சேர்ப்பேன், பாதி கிழங்கைக் கையால் மசித்துப் போட்டால் குழம்பு தடிக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதி வந்த பிறகு மீனை அடுக்கிவிட்டு, அகப்பை போடாமல் சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்ட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். உப்பை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும், மீனிலேயே உப்பு இருக்கிறது. இறக்கிவைத்துவிட்டு தேசிக்காய் பிழியுங்கள்.

உங்கள் பக்கம் நல்ல லீக்ஸ் கிடைத்தால் இன்னொரு சட்டியில் லீக்ஸோடு டின் மீனைப் பிரட்டலாக வையுங்கள். வெள்ளைப் பகுதியை முதலில் வதக்கி, பச்சை இலையைக் கடைசியில் போட்டால் நிறம் போகாது. கொஞ்சம் மிளகுத்தூள். மழைக் குளிருக்கு அந்தப் பிரட்டல் எனக்குக் கறியைவிடப் பிடிக்கும்.

வாங்கும்போது எஸ்எல்எஸ் தர முத்திரையும் திகதியும் பாருங்கள். வீங்கிய டின், விளிம்பில் நசுங்கிய டின் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். 425 கிராம் டின்னில் தண்ணீரும் சேர்த்துத்தான் அந்த எடை. வடித்த எடை தனியாகப் போட்டிருக்கும், இரண்டு பிராண்டை ஒப்பிடும்போது அதைப் பாருங்கள். சமைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் திறந்தால் போதும். காலையிலேயே திறந்து டின்னோடு வைக்காதீர்கள்.

ஒரு விஷயம் கேட்க மறக்காதீர்கள். உங்கள் தோட்டத்தில் அந்த நாட்களில் திருவிழாக் கொடியேற்றம், காப்புக்கட்டு ஏதாவது உண்டா? அப்படி இருந்தால் கோழியும் இல்லை, மீனும் இல்லை, முழுக்க மரக்கறிதான். கோவில் தலைவரிடம் திகதியைச் சொல்லி உறுதி செய்துகொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.

பொகவந்தலாவைத் தங்கை:

அண்ணா, அக்கா, இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் கோவில் திருவிழா சித்திரையிலேயே முடிந்துவிட்டது, ஆவணியில் ஒன்றும் இல்லை என்று மாமா கோவில் தலைவரிடம் கேட்டுச் சொன்னார். அண்ணா எழுதியதைப் பெரியப்பாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். தப்புக்காரர்களைப் பற்றிய இடத்தில் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, ஒரே பந்தி. ஆனால் நானே பரிமாறுவேன்” என்றார். டின் மீனுக்கும் சம்மதம். லீக்ஸ் பிரட்டல் கட்டாயம் வேண்டுமாம்.

இரண்டு கேள்வி பாக்கி. ராத்திரிக்கு 60 பேர் தங்குவார்கள், பேண்டும் தப்பும் சேர்த்தால் 75 பேர் வரலாம். எத்தனை டின்? இரண்டாவது, கேட்கவே மனம் வரவில்லை. பக்கத்து லயத்தில் ஒரு தாத்தா படுத்த படுக்கையாக இருக்கிறார். அன்று ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது?

ஊவா அக்கா:

கிழங்கு சேர்த்த கறி என்றால் டின்னுக்கு ஐந்து பேர். 75 பேருக்கு 15 டின். லீக்ஸ் பிரட்டலுக்கு 5 வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியாக வாங்கினால் 24 டின் இருக்கும், தனித்தனியாக வாங்குவதைவிட விலை குறைத்துக் கேட்கலாம். மிஞ்சும் நாலு டின் வீட்டில் இருக்கட்டும், கெட்டுப்போகிற சாமான் இல்லை. கிழங்கு ஆறு கிலோ, லீக்ஸ் மூன்று கிலோ போதும். ரொட்டிக்கு மா பிசைய மட்டும் ஆட்களைச் சேர்த்து வையுங்கள், அதுதான் அன்றைக்குப் பெரிய வேலை.

கொட்டகலை கீபோர்ட்:

கேட்டது நல்லது, தங்கச்சி. தோட்டத்தில் எல்லோரும் மனதுக்குள் நினைப்பார்கள், வாய் திறந்து பேசமாட்டார்கள். கடைசியில் காசு விஷயத்தில் மனக்கசப்பு வரும்.

பக்கத்து லயத்தில் இழவு விழுந்தால் ஒலிபெருக்கி கிடையாது. அதில் இரண்டு பேச்சு இல்லை. தப்புக்காரர்களையும் அங்கே கூப்பிடக்கூடும், தடுக்காதீர்கள். இதைப் பேண்டுக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் நாளிலேயே சொல்லி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: புறப்படுவதற்கு முன்னால் செய்தி வந்தால் முன்பணம் அவர்களுக்கு, மிச்சம் கொடுக்க வேண்டியதில்லை. மலைக்கு வந்து இறங்கிய பிறகு என்றால் வேன் வாடகையும் பாதித் தொகையும். நியாயமான பேண்ட் எதுவும் இதற்கு மறுப்புச் சொல்லாது. அதே தாளில் தொடங்கும் நேரம், முடிக்கும் நேரம், ஸ்பீக்கர் யாருடையது, ஜெனரேட்டர் எண்ணெய்க் காசு யாருடையது என்பதும் இருக்கட்டும். தப்புத் தலைவரோடும் இதே மாதிரி ஒரு தாள் எழுதுங்கள்.

அப்படி ஒரு நாளாகிவிட்டாலும் வந்தவர்களுக்குச் சாப்பாடு உண்டு. மண்டபத்துக் கதவைச் சாத்திவிட்டு, மைக் இல்லாமல், பந்தியை மட்டும் நடத்தலாம். இழவு வீட்டுக்கும் ஒரு வாளி தேத்தண்ணியும் கொஞ்சம் ரொட்டியும் அனுப்பிவையுங்கள்.

பேண்ட் தேடும்போது மேடையில் எடுத்த வீடியோ கேளுங்கள், ஸ்டூடியோவில் பதிவு செய்தது வேண்டாம். பெண் குரலைக் கவனித்துக் கேளுங்கள். அம்மா பாடும்போது பக்கத்தில் நின்று அடியெடுத்துக் கொடுக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.